கேட்ட கேள்விக்கு விடை: கிராஸ், பெவன் என்ற இரு வேதியியல் ஆலோசகர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் வேதியியல் படித்து முடித்த இளைஞனுக்கு மூன்று வழிகள் இருந்தன. பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகலாம். சோடா ஆலையிலோ சாய ஆலையிலோ சம்பளத்துக்குச் சேரலாம். மூன்றாவது வழி, நகரில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, வாசலில் பெயர்ப்பலகை மாட்டி, வழக்கறிஞரைப் போலவும் மருத்துவரைப் போலவும் தன்னைத் தேடி வருபவர்களுக்காகக் காத்திருப்பது. காகித ஆலை முதலாளி, மது வடிப்பவர், சணல் வியாபாரி, காப்புரிமை வழக்கில் சாட்சி தேடும் வழக்கறிஞர் எனப் பலரும் வருவார்கள். அவர்கள் கொண்டுவரும் பொருளைச் சோதித்து, கேள்விக்கு விடை எழுதிக் கொடுத்து, கட்டணம் பெறவேண்டும். இத்தொழிலைச் செய்தவர்கள் தங்களைப் பகுப்பாய்வு மற்றும் ஆலோசனை வேதியியலர் என்று அழைத்துக்கொண்டார்கள்.

அறிவியல் வரலாறுகளில் இவர்களுக்கு அதிக இடம் கிடைப்பதில்லை. பேராசிரியர்களுக்கு மாணவர் பரம்பரை உண்டு. ஆலைகளுக்கு நிறுவன வரலாறு உண்டு. ஆலோசகர் எழுதிய அறிக்கையோ பணம் கொடுத்தவரின் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் உடையையும், பொட்டலத்தையும், சில ஆறுகளின் நிறத்தையும் மாற்றிய ஒரு வேதிவினை இப்படியொரு ஆலோசனை அறையிலிருந்துதான் புறப்பட்டது. அந்த அறை லண்டனில் வழக்கறிஞர்கள் நிறைந்த லிங்கன்ஸ் இன் வளாகத்தின் நியூ கோர்ட்டில் இருந்தது. அறைக்குரியவர்கள் சார்ல்ஸ் ஃபிரடெரிக் கிராஸ், எட்வர்ட் ஜான் பெவன் என்ற இருவர். அவர்கள் கண்டறிந்த வினையின் பெயர் விஸ்கோஸ். நாம் ரேயான் என்றும் செயற்கைப் பட்டு என்றும் அழைத்துவரும் துணியின் தாய்க்கரைசல் அது.

இருவர்

இருவரும் பிறந்தது டிசம்பர் 11 அன்று. கிராஸ் 1855-இல் லண்டனை அடுத்த பிரென்ட்ஃபோர்டிலும், பெவன் அடுத்த ஆண்டு பர்க்கன்ஹெட்டிலும் பிறந்தார்கள். கிராஸ் லண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் சூரிச் பாலிடெக்னிக்கிலும் படித்துவிட்டு மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரிக்கு வந்தவர். பெவன் முதலில் ரன்கார்னில் ஒரு சோப்பு, கார ஆலையில் வேலை பார்த்துவிட்டு அதே கல்லூரிக்கு வந்தார். அங்கு தொடங்கிய நட்பு இருவரின் வாழ்நாள் தொழிலாகவும் ஆயிற்று.

கல்லூரிக்குப் பின் பெவன் ஸ்காட்லாந்தில் ஒரு காகித ஆலையில் வேதியியலராகச் சேர்ந்தார். கிராஸ் தாவர நார்களின் பக்கம் திரும்பினார். கியூ தாவரவியல் பூங்காவின் ஜோட்ரல் ஆய்வகத்தில் அவர் செய்த வேலையில் முக்கியமானது சணல் பற்றியது. வங்காளத்திலிருந்து கப்பல் கப்பலாக டண்டீ நகருக்குச் சென்ற சணல் அன்றைய பேரரசின் பெரிய வணிகச் சரக்குகளில் ஒன்று. ஆனால் அந்த நார் எதனால் ஆனது, ஏன் பருத்தியைப் போல வெளுக்க மறுக்கிறது என்பவை தெளிவாகத் தெரியாதிருந்தன. இருவரும் சேர்ந்து சணலைக் குளோரின் வாயுவால் தாக்கி, லிக்னின் பகுதியைக் கரைத்து நீக்கி, எஞ்சும் செல்லுலோஸை நிறுத்துப் பார்க்கும் ஒரு முறையை வகுத்தார்கள். அம்முறையில் கிடைக்கும் பொருளை நார் ஆய்வாளர்கள் பின்னாளிலும் 'கிராஸ் - பெவன் செல்லுலோஸ்' என்றே குறிப்பிட்டு வந்தார்கள்.

1885-இல் இருவரும் கூட்டாக ஆலோசனைத் தொழிலைத் தொடங்கினார்கள். 1888-இல் காகிதத் தயாரிப்பு பற்றிய பாடநூல் ஒன்றை வெளியிட்டார்கள். 1895-இல் 'செல்லுலோஸ்' என்ற பெயரிலேயே ஒரு நூல் வந்தது. இந்நூல்கள் அவர்களின் அறிவுக்குச் சான்றாக நின்றதோடு, ஆலை முதலாளிகளை அந்த அறைக்கு அழைத்துவரவும் செய்தன. செல்லுலோஸ் சார்ந்த எந்தச் சிக்கலாயினும் நியூ கோர்ட்டுக்குப் போகலாம் என்ற பெயர் நிலைபெற்றது. விஸ்கோஸ் பிறந்த 1892-ஆம் ஆண்டிலேயே பெவன் மிடில்செக்ஸ் மாவட்டத்தின் பொதுப் பகுப்பாய்வாளராகவும் நியமிக்கப்பட்டார். பாலில் நீர் கலந்திருக்கிறதா, உணவில் கலப்படம் இருக்கிறதா என்று மக்கள் சார்பில் பார்த்துச் சொல்வது அப்பதவியின் வேலை. இந்தத் தகவலை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் இதற்குத் தேவை வரும்.

கரையாத பொருள்

செல்லுலோஸின் சிக்கல் இதுதான்: உலகில் அதைப் போல மலிந்து கிடக்கும் கரிமப் பொருள் வேறில்லை. மரமும் புல்லும் பருத்தியும் அதனால் ஆனவை. ஆனால் அது உருகாது, சூடேற்றினால் கருகும். நீரிலோ சாராயத்திலோ கரையாது. கண்ணாடியை உருக்கி வார்ப்பது போலவோ, சர்க்கரையைக் கரைத்துப் பாகாக்குவது போலவோ அதை வளைக்க வழியில்லை. இயற்கை எந்த வடிவில் கொடுத்ததோ அந்த வடிவிலேயே பயன்படுத்தவேண்டும். பருத்தியின் நீண்ட நாரை நூற்கலாம். மரத்தின் குறுநாரை நூற்க முடியாது, காகிதமாக்கலாம். பருத்தி விலை ஏறினாலும் காடுகள் ஆடையாக மாறா.

இந்தப் பூட்டைத் திறக்க வேறு சிலர் முன்பே முயன்றிருந்தார்கள். பிரான்சின் கோமகன் ஷார்தொனே 1884-இல் காப்புரிமை பெற்ற முறையில், செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தால் மாற்றிக் கரைத்து இழையாக்கினார். 1889-ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் அவருடைய செயற்கைப் பட்டு பார்வையாளர்களை வியப்பில் ஆழ்த்தியது. ஆனால் அது வெடிப்பஞ்சின் நெருங்கிய உறவு. தீயை எளிதில் பற்றும். அந்த நைட்ரேட்டை நீக்க மேலும் ஒரு செலவு. செம்பும் அம்மோனியாவும் கலந்த கரைசலில் செல்லுலோஸ் கரையும் என்பதும் தெரிந்திருந்தது. ஆனால் செம்பு மலிவான பொருளன்று.

கிராஸும் பெவனும் எடுத்துக்கொண்ட பாதை இரண்டு பழைய செய்திகளை இணைத்தது. முதலாவது, லங்காஷயரின் ஜான் மெர்சர் 1844-இல் கண்டு 1850-இல் காப்புரிமை பெற்றது: அடர்ந்த காஸ்டிக் சோடாவில் பருத்தியை ஊறவைத்தால் நார் பருத்து, சாயத்தை நன்கு ஏற்கும். இன்றும் 'மெர்சரைஸ்டு' என்று துணிக்கடையில் சொல்வது இதைத்தான். இரண்டாவது, 1820-களில் டென்மார்க்கின் ட்ஸைஸெ விவரித்தது: சாராயத்துடன் காரமும் கார்பன் டைசல்பைடும் சேர்ந்தால் ஸாந்தேட் என்ற மஞ்சள் நிற உப்பு உண்டாகும். செல்லுலோஸும் வேதி அமைப்பில் ஒருவகைச் சாராயமே. அதன் உடலெங்கும் சாராயத்துக்குரிய ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. அப்படியானால் காரத்தில் ஊறிய செல்லுலோஸைக் கார்பன் டைசல்பைடுடன் சேர்த்தால் என்ன ஆகும்?

வெண்ணிறமாக இருந்த தூள் ஆரஞ்சு நிறம் அடைந்தது. நீர்த்த காரக் கரைசலில் போட்டபோது அது கரைந்து, தேன் போலக் கெட்டியான திரவமாயிற்று. அந்தப் பிசுபிசுப்பைக் கொண்டே அதற்கு விஸ்கோஸ் என்று பெயர் வைத்தார்கள். அத்திரவத்தை அமிலத்தில் விட்டால் ஸாந்தேட் உடைந்து, மீண்டும் தூய செல்லுலோஸ் திரும்பி வந்தது. ஆனால் இம்முறை நாம் விரும்பிய வடிவில்: தாளாக, இழையாக, கட்டியாக. காகித வேதியியலரான கிளேட்டன் பீடிலுடன் சேர்ந்து 1892 மே மாதம் 8700 என்ற எண்ணில் பிரிட்டிஷ் காப்புரிமை பெற்றார்கள். மரக்கூழ், காஸ்டிக் சோடா, கார்பன் டைசல்பைடு, கந்தக அமிலம் ஆகிய நான்கும் மலிவானவை. ஷார்தொனேயின் பட்டை விலையில் வெல்லப்போவது இதுவே என்பது அந்த நான்கு பெயர்களிலேயே அடங்கியிருந்தது.

ஒரு செய்தியை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. பாலிமர் என்பது ஆயிரக்கணக்கான அலகுகள் வேதிப்பிணைப்பால் கோர்க்கப்பட்ட நெடிய சங்கிலி மூலக்கூறு என்ற கருத்தை ஹெர்மன் ஷ்டாடிங்கர் முன்வைத்தது 1920-இல். அதைச் சக வேதியியலர்கள் ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின. நோபல் பரிசு 1953-இல்தான் வந்தது. ஆக, கிராஸும் பெவனும் பாலிமர் வேதியியல் என்ற துறை தோன்றுவதற்கு முன்பே ஒரு பாலிமரைக் கரைத்து மறுபடி உருவாக்கினார்கள். தாங்கள் கையாளும் மூலக்கூறு எவ்வளவு பெரியது என்பது அவர்களுக்குத் தெரியாது. கரைசலை நாள்பட வைத்தால் பாகுத்தன்மை மாறுகிறது என்று கண்டார்கள். சங்கிலிகள் அறுபடுவதும் ஸாந்தேட் தொகுதிகள் இடம் மாறுவதும் அதன் காரணங்களில் அடங்கும் என்று பிற்காலத்தார் விளக்கினார்கள். கை அறிந்ததைக் கோட்பாடு பின்தொடர்ந்து வந்து சேர்ந்த கதைகளில் இதுவும் ஒன்று.

காப்புரிமையிலிருந்து நூலுக்கு

ஆலோசகர்கள் முதலில் நினைத்தது துணியை அன்று. காகிதத்துக்குப் பூச்சு, மெல்லிய தாள், 'விஸ்காய்டு' என்ற பெயரில் கெட்டியான வார்ப்புப் பொருள் ஆகியவற்றில்தான் அவர்களின் கவனம் சென்றது. இழையாக்கும் எண்ணம் மின்விளக்கிலிருந்து வந்தது. ஜோசப் ஸ்வானின் விளக்குகளுக்கு வெற்றிடம் உண்டாக்க உதவிய சார்ல்ஸ் ஸ்டெர்ன் ஒரு வங்கி எழுத்தர். பிறகு விளக்குத் தயாரிப்பில் இறங்கியவர். விளக்கின் உள்ளே எரியும் கரி இழைக்குச் சீரான செல்லுலோஸ் இழை தேவைப்பட்டது. விஸ்கோஸை நுண்துளைகள் வழியாக அமிலத்தில் பீய்ச்சி இழையெடுக்கலாம் என்று அவர் 1898-இல் காப்புரிமை பெற்றார். கியூவில் ஒரு சிறு பட்டறை அமைந்தது.

பட்டறையில் உண்மையான சிக்கல்களைத் தீர்த்தவர் கண்ணாடி ஊதும் தொழிலில் வளர்ந்த சார்ல்ஸ் ஃபிரெட் டாப்ஹாம். புதிதாகச் செய்த விஸ்கோஸ் இழையாக வராமல் அறுந்தது. சில நாள் பழுக்கவைத்ததும் ஒழுங்காக வந்தது. துகள்கள் துளைகளை அடைத்தன. வடிகட்ட வழி செய்தார். ஈரமான மெல்லிழையை அறுபடாமல் சேகரிப்பது எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. 1900-இல் அவர் உருவாக்கிய சுழல்பெட்டி, அதிவேகமாகச் சுற்றி இழையைச் சுவரோரமாகச் சுருட்டி, அதே நேரத்தில் முறுக்கும் ஏற்றியது. விஸ்கோஸ் வணிகப் பொருளாகியது இந்தப் பெட்டிக்குப் பிறகுதான். பல்கலைக்கழகம் ஏறாத ஒருவரின் கைத்திறன் இல்லாமல் நியூ கோர்ட்டின் வேதியியல் குடுவையோடு நின்றிருக்கும்.

அடுத்த ஆள் கோர்ட்டால்ட்ஸ் நிறுவனம். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் துக்கம் அனுசரிக்கும் பெண்கள் அணிந்த கருப்புப் பட்டு கிரேப் துணியில் செல்வம் சேர்த்த குடும்பம் அது. துக்க உடை வழக்கம் மங்கவே புதிய சரக்கு தேவைப்பட்டது. 1904-இல் 25,000 பவுண்டுக்கு விஸ்கோஸ் நூலின் பிரிட்டிஷ் உரிமையை வாங்கி, 1905-இல் கவென்ட்ரியில் உற்பத்தியைத் தொடங்கினார்கள். 1910-இல் அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் மார்க்கஸ் ஹூக்கில் ஒரு கிளை நிறுவனம். அந்நிறுவனம் ஈட்டிய லாபம் மூலதனத்தோடு ஒப்பிடுகையில் திகைக்க வைப்பது. 1941-இல் பிரிட்டனின் போர்ச் செலவுக்காக அதை விற்கவேண்டி வந்தது. இடையில் சுவிட்சர்லாந்தின் பிராண்டன்பெர்கர் அதே விஸ்கோஸைப் பிளவு வழியாக மெல்லிய தாளாக வார்த்து செல்லோஃபேன் என்ற கண்ணாடித் தாளைக் கொண்டுவந்தார்.

1924-இல் அமெரிக்க வணிகர்கள் 'செயற்கை' என்ற சொல்லின் இழுக்கைத் துடைக்க ரேயான் என்ற பெயரைத் தேர்ந்தார்கள். பட்டுக் காலுறை அணிய வசதியில்லாத பெண்கள் ரேயான் காலுறை அணிந்தார்கள். ஆலைப் பெண்கள் நடிகைகளைப் போல் தோற்றமளிக்கும் புதிய இங்கிலாந்தைப் பற்றி ஜே. பி. பிரீஸ்ட்லி 1934-இல் வெளிவந்த தம் பயண நூலில் எழுதினார். உடையைக் கண்டு வர்க்கத்தை அறியும் வழக்கம் தளர்ந்ததில் அந்த ஆரஞ்சுக் கரைசலுக்கும் பங்குண்டு. இந்த நன்மையை மறுப்பது நேர்மையாகாது.

இன்னொரு நூலகம்

இனி கார்பன் டைசல்பைடு. அறை வெப்பத்திலேயே ஆவியாகும் திரவம் இது. மேலே சொன்ன வினையை இன்னொரு முறை பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். கரைப்பதற்காகச் சேர்க்கப்படும் கார்பன் டைசல்பைடு, அமிலத் தொட்டியில் செல்லுலோஸை விட்டு விலகிவிடுகிறது. ஒரு பகுதி ஹைட்ரஜன் சல்பைடாக மாறுகிறது. முடிவில் கிடைக்கும் நூலில் அது இருப்பதில்லை. எனவே ரேயான் அணிபவருக்கு எந்தத் தீங்கும் இல்லை. துணியில் தங்காத அந்தப் பொருள் எங்கே போகிறது? முறையாகப் பிடித்து மீட்காவிட்டால் நூற்புக்கூடத்தின் காற்றுக்கும், அங்கே நிற்பவரின் நுரையீரலுக்கும், கழிவுநீர்க் கால்வாய்க்கும் போகிறது.

அது மனிதரை என்ன செய்யும் என்பது 1892-இல் தெரியாத செய்தியா? இல்லை. பாரிஸ் மருத்துவர் அகுஸ்த் தெல்பெஷ் 1856-லேயே இதை எழுதிவிட்டார். அங்கே சிறு பட்டறைகளில் மெல்லிய ரப்பரைக் கார்பன் டைசல்பைடில் தோய்த்துப் பதப்படுத்திப் பலூன்களும் கருத்தடை உறைகளும் செய்தார்கள். அந்தத் தொழிலாளர்களிடம் தலைவலி, நினைவிழப்பு, காரணமற்ற சினமும் கிளர்ச்சியும், கைகால் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு ஆகியவற்றைக் கண்டு விவரித்தார். 1863-இல் விரிவான ஆய்வையும் வெளியிட்டார். 1880-களில் நரம்பியலின் பெரும்பெயரான ஷார்க்கோ பாரிஸில் தம் விரிவுரையில் இத்தகைய நோயாளியை முன்னிறுத்திப் பேசினார். இங்கிலாந்திலும் 1890-களின் இறுதியில் ரப்பர்த் தொழிலில் இவ்வேலையின் நேரத்தைக் கட்டுப்படுத்தும் விதிகள் வந்தன. 1902-இல் தாமஸ் ஆலிவர் தொகுத்த ஆபத்தான தொழில்கள் பற்றிய நூலில், ரப்பர் ஆலைகளில் சித்தம் கலங்கிய தொழிலாளர்கள் மேல்தளத்திலிருந்து குதித்ததும் அதைத் தடுக்க ஜன்னல்களுக்குக் கம்பி போட்டதும் பதிவாகியிருக்கின்றன. கோர்ட்டால்ட்ஸ் உரிமையை வாங்கியது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து.

ஆக, அறிவு இருந்தது. ஆனால் அது வேறொரு நூலகத்தில் இருந்தது. தெல்பெஷ் மருத்துவர்களுக்காக எழுதினார். தொழிற்சாலை ஆய்வாளர்கள் ரப்பர்த் தொழிலுக்காக விதி எழுதினார்கள். கிராஸும் பெவனும் காகிதம், நார் வட்டாரங்களுக்காக எழுதினார்கள். மூன்று அலமாரிகளையும் ஒருசேரப் பார்ப்பது யாருடைய வேலையாகவும் இல்லை.

கிராஸையும் பெவனையும் கொடியவர்கள் என்று காட்டுவது என் நோக்கமன்று. அதற்கு ஆதாரமும் இல்லை. நான் கவனிக்க விரும்புவது அவர்களின் தொழிலின் வடிவத்தை. ஆலோசகரின் ஒப்பந்தம் கேள்வியோடு தொடங்கி விடையோடு முடிகிறது. 'செல்லுலோஸைக் கரைத்து மீட்க முடியுமா?' என்பது கேள்வி. 'முடியும், இவ்வாறு' என்பது விடை. அந்த விடையோடு ஒரு நாளைக்குப் பல மணி நேரம் நிற்கப்போகிறவர் யார் என்று கேட்கக் கட்டணம் தருபவர் இல்லை. பெவனின் இரட்டைப் பதவி இங்கேதான் பொருள் பெறுகிறது. பொதுப் பகுப்பாய்வாளராக அவர் பால் குடிக்கும் குழந்தைக்காகப் பார்த்தார். அந்தக் கேள்வியைச் சட்டம் அவரிடம் கேட்டது. நூற்புக்கூடத் தொழிலாளிக்காகப் பார்க்கும்படி அவரிடம் எந்தச் சட்டமும் கேட்கவில்லை. ஒரே மனிதர், ஒரே திறமை, ஒரே ஆண்டு. எந்தக் கேள்வி கேட்கப்பட்டதோ அதற்கு விடை வந்தது.

விடை பயணம் செய்த ஊர்கள்

பெவன் 1921-இல் காலமானார். 1917-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகித் தம் காலத்திலேயே உரிய மதிப்பைப் பெற்ற கிராஸ் 1935 வரை வாழ்ந்தார். அதற்குள் விஸ்கோஸ் ஆலைகள் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் எங்கும் பரவிவிட்டன. நோயும் உடன் பரவியது. தொழில்சார் நோய் மருத்துவத்தின் முன்னோடியான ஆலிஸ் ஹாமில்டன் 1930-களின் இறுதியில் பென்சில்வேனியாவின் ரேயான் தொழிலாளர்களைப் பற்றி ஒரு ஆய்வை முன்னின்று நடத்தச் செய்தார். 1940-இல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. நரம்புத் தளர்ச்சியும் மனக்கலக்கமும் அங்கும் இருந்தன. தெல்பெஷின் முதல் கட்டுரைக்கும் இதற்கும் இடையே எண்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியின் ரேயான் ஆலைகளில் கைதிகள் வேலை செய்தார்கள். பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தைச் சேர்ந்த கலை வரலாற்றாளர் ஆக்னெஸ் ஹம்பேர் கிரேஃபெல்ட் நகர ஆலைக்கு அனுப்பப்பட்டார். அமிலத்தால் வெந்த கைகளையும், வாயுவால் பார்வை மங்கும் கண்களையும் 1946-இல் வெளியான தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஒரு நூலிழை எப்படி உருவாகிறது என்பதைத் தொட்டியின் அருகில் நின்றவர் எழுதிய அரிய பதிவுகளில் அது ஒன்று.

1968-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை இன்னொரு கதவைத் திறந்தது. விஸ்கோஸ் நூற்புத் தொழிலாளர்கள் இதய நோயால் இறப்பது மற்றவர்களை விட அதிகம் என்று டில்லர், ஷில்லிங், மாரிஸ் ஆகியோர் காட்டினார்கள். பித்துப் பிடித்தவனை எல்லாரும் பார்க்கலாம். ஐம்பது வயதில் மாரடைப்பால் சாய்ந்தவனின் சாவை ஆலையோடு இணைக்கப் புள்ளிவிவரம் தேவைப்பட்டது. பிறகு தென் கொரியா. 1960-களில் ஜப்பானிலிருந்து பழைய இயந்திரங்களை வாங்கி நடந்த வொன்ஜின் ரேயான் ஆலையின் நோயாளிகள் 1988-இல் பொதுவெளிக்கு வந்தார்கள். 800-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாக ஏற்கப்பட்டது. 1993-இல் ஆலை மூடப்பட்டது. இயந்திரங்கள் சீனாவுக்கு விற்கப்பட்டன. இந்த நெடுங்கதையை மருத்துவர் பால் பிளாங்க் 2016-இல் ஒரு முழு நூலாக எழுதினார்.

இந்தியாவில் விஸ்கோஸைக் கொண்டுவந்ததில் ஒரு தமிழருக்கு முதன்மையான இடம் உண்டு. 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவிய எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார், கேரளத்தில் பெரியாற்றின் அருகே பெரும்பாவூரில் திருவிதாங்கூர் ரேயான்ஸ் ஆலையைத் தொடங்கினார். 1950-இல் உற்பத்தி ஆரம்பமாயிற்று. சுதேசித் துணிக்கு மரமும் மூங்கிலும் உண்டு, பருத்தி விளையும் வரை காத்திருக்கவேண்டாம் என்ற கனவுக்கு அன்று இருந்த ஒளியை நாம் குறைத்து மதிப்பிடக்கூடாது. 1954-இல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் செட்டியார் மறைந்தார்.

கோவை மாவட்டத்தில் பவானிக் கரையில் உள்ள சிறுமுகையில் தென்னிந்திய விஸ்கோஸ் ஆலை 1960-களில் இயங்கத் தொடங்கியது. பல்லாயிரம் குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. அதன் கழிவு பவானியில் கலந்தபோது ஆற்றை நம்பிய உழவர்களும் மீனவர்களும் போராடினார்கள், வழக்குகள் நடந்தன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆலை ஓய்ந்தது. வேலை இழந்தவர்களின் துயரும் ஆற்றை மீட்டவர்களின் நிம்மதியும் ஒரே வட்டாரத்தில் அடுத்தடுத்த தெருக்களில் இருந்தன. அதே சிறுமுகை இன்று கைத்தறி மென்பட்டுச் சேலைக்குப் பெயர்பெற்ற ஊர். செயற்கைப் பட்டு வந்த ஊரில் இயற்கைப் பட்டுத் தறி ஓசை கேட்கிறது என்பதை வரலாற்றின் கேலி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் ஆலைக்கு உள்ளே வேலை செய்தவர்களின் உடல்நிலை, ஆற்றின் நிலை அளவுக்கு நம் பொதுப்பேச்சில் இடம்பெறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆறு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

வேறு கேள்வி

செல்லுலோஸைக் கரைக்கக் கார்பன் டைசல்பைடு இன்றியமையாததா? ஒரு நூற்றாண்டு கழித்து இதற்கு 'இல்லை' என்ற விடை வந்தது. அமீன் ஆக்சைடு வகைக் கரைப்பான் ஒன்றில் செல்லுலோஸ் எந்த வேதி மாற்றமும் இல்லாமல் நேரடியாகக் கரையும். இழையெடுத்தபின் கரைப்பானை ஏறத்தாழ முழுவதுமாக மீட்டு மறுபடி பயன்படுத்தலாம். லயோசெல் என்று பெயர்பெற்ற இம்முறையை வளர்த்தெடுத்தவர்களில் கோர்ட்டால்ட்ஸ் நிறுவனமும் ஒன்று. 1992-இல், விஸ்கோஸ் காப்புரிமைக்குச் சரியாக நூறாண்டு கழித்து, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் அதற்கான ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. விஸ்கோஸ் அதனால் மறைந்துவிடவில்லை. இன்றும் பெருமளவில் உற்பத்தியாகிறது. நல்ல ஆலைகள் கார்பன் டைசல்பைடைப் பிடித்து மீட்கின்றன. அதற்குப் பணம் செலவாகும். எல்லா ஆலைகளும் எல்லா நாடுகளிலும் அச்செலவைச் செய்கின்றன என்று சொல்வதற்கில்லை.

லயோசெல்லின் வேதியியல் 1892-இல் கிடைத்திருக்காது. ஆகவே கிராஸும் பெவனும் அதைக் கண்டிருக்கவேண்டும் என்று நாம் கோர முடியாது. கோரக்கூடியது இன்னும் சிறியது: மூடிய தொட்டி, காற்றோட்டம், குறைந்த வேலை நேரம், ஆண்டுக்கொரு மருத்துவப் பரிசோதனை. இவை அன்றைய பொறியியலுக்கு எட்டாதவை அல்ல. ரப்பர்த் தொழிலின் விதிகளில் இவற்றில் ஒரு பகுதியேனும் எழுதப்பட்டிருந்தது. எழுதப்பட்டதை எடுத்துக்கொண்டு புதிய ஆலைக்குள் நுழைய ஓர் ஆள் வேண்டியிருந்தது.

கிராஸும் பெவனும் அந்த அறையில் செய்தது உயர்ந்த வேலை. மூலக்கூறின் உருவம் தெரியாமலே அதன் குணத்தை அறிந்து, மரத்தை நூலாக்கினார்கள். அவர்களின் பெயர் இன்னும் பரவலாக அறியப்படவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அப்படி அறியும்போது தெல்பெஷின் பெயரையும் சேர்த்து அறிவது நியாயம். துணிக்கடையில் ஆடையின் உட்புறம் தைத்திருக்கும் சிறு பட்டையில் 'விஸ்கோஸ்' என்ற சொல் இன்றும் இருக்கிறது. அச்சொல்லை நியூ கோர்ட்டில் சூட்டினார்கள். அதன் மீதிப் பொருளைக் கவென்ட்ரியிலும் கிரேஃபெல்டிலும் வொன்ஜினிலும் தொட்டியருகே நின்றவர்கள் எழுதிச் சேர்த்தார்கள்.